சாமிக்கு வெயில் சுடுமா?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரைக் கடைகளில் தோப்பறைகள் தொங்க ஆரம்பிக்கும். ஆட்டுத்தோலைக் கிழிக்காமல் உரித்து, பதப்படுத்தி, திறப்புகளை இறுகக் கட்டி, ஒரு முனையில் மட்டும் சிறு குழாயைச் செருகிய பை அது. தண்ணீரை நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு கக்கத்தில் வைத்து அமுக்கினால் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். பௌர்ணமி விடியலில் கள்ளழகர் தங்கக்குதிரையில் ஏறி ஆழ்வார்புரம் பக்கம் வைகைக்குள் இறங்கும்போதும், பிறகு ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி நடக்கும்போதும், நேர்ந்துகொண்டவர்கள் இந்தப் பையோடு நெருக்கியடித்து நிற்பார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் செல்லூர்க்காரர்களுக்கு அது வீட்டு வாசலில் நடக்கிற விழா மாதிரி. இந்தக் காலத்தில் சிலர் பிரஷர் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டரையும் பல்லக்குத் தூக்கிகளையும் திணறடிப்பதும், தோல் பை மட்டும்தான் என்று அதிகாரிகள் கறாராகச் சொல்வதும் தனிக்கதை.

ஏன் பீய்ச்சுகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். மலையிலிருந்து இறங்கி, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, வேகாத வெயிலில் வந்திருக்கிறார், களைப்பாக இருக்கும், குளிரப் பண்ண வேண்டாமா?

ஒரு சின்னப் பிள்ளை இங்கே குறுக்கே விழுந்து கேட்கும்: சூரியனைப் படைத்தவரே சாமிதான் என்கிறீர்கள், அவருக்கு வெயில் சுடுமா?

அதட்டி உட்கார வைக்கிற கேள்வி இல்லை இது. வைணவ உரையாசிரியர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியைப் பெரிய தத்துவச் சிக்கலாக எடுத்துவைத்து, ஆதாரங்களை அடுக்கி, எதிர்வாதம் சொல்லி, பதில் கண்டிருக்கிறார்கள். அந்த விவாதத்தின் முக்கியமான திருப்பங்களில் பல, செல்லூரிலிருந்து இரண்டு சக்கர வண்டியில் போய் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய ஊர்களில் நடந்தவை என்று மரபு சொல்கிறது.

முதல் இடம் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும்: கூடலழகர் கோயில். பாண்டியன் வல்லபதேவன் அவையில், பரம்பொருள் எது என்று நிறுவுகிறவருக்குப் பொற்கிழி என்று அறிவிப்பு. அவன் ஒன்பதாம் நூற்றாண்டு ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன்தான் என்று கருதுவோர் உண்டு. வில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் வந்து வேதங்களிலிருந்து எடுத்துச் சொல்ல, கிழி தொங்கிய கம்பம் தானே வளைந்துகொடுத்ததாம். அரசன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் வரச் செய்தான். பிள்ளைக்குக் கிடைத்த பெருமையைப் பார்க்கப் பெருமாள் கருடன்மேல் வானத்தில் வந்து நின்றார். பெரியாழ்வார் என்று பின்னால் பெயர் பெற்ற அந்த மனிதர் அப்போது செய்ததுதான் வேடிக்கை. வரம் கேட்கவில்லை. யானையின் மணிகளைக் கழற்றித் தாளமாக வைத்துக்கொண்டு, ‘நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்’ என்று கடவுளை வாழ்த்திப் பாடினார். பன்னிரண்டு பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டு அதுதான். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் முதலில் நிற்பதும் அதுவே.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். வாழ்த்துகிறவர் பெரியவராகவும் வாழ்த்தப்படுகிறவர் சிறியவராகவும் இருப்பது உலக வழக்கம். ஆண்டுக்கணக்கு பிறந்து இறக்கிறவர்களுக்கு. காலத்துக்கு அப்பாற்பட்டவன் என்று சற்று முன்னால் அவையில் நிறுவிவிட்டு, தெருவுக்கு வந்ததும் அவனுக்கே ஆயுள் வேண்டுகிறார் ஒருவர். காலையில் சொன்ன சித்தாந்தத்தை மாலையில் அவரே உடைத்துவிட்டாரா?

இதைக் கவிஞரின் மிகை என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாலாயிரம் முழுவதற்கும் உரை எழுதிய பெரியவாச்சான் பிள்ளை தள்ளவில்லை. ஆழ்வாரின் சொல் வேதத்துக்கு ஒப்பான பிரமாணம் என்பது இவர்கள் நிலை. சமஸ்கிருத மறையும் தமிழ் மறையும் சேர்ந்தால்தான் உபய வேதாந்தம். அப்படியிருக்க, கோட்பாட்டோடு ஒட்டாத ஒரு பாசுரம் கிடைத்தால் பாசுரத்தை ஒதுக்க முடியாது. கோட்பாட்டைத்தான் அதற்கு இடம் கொடுக்கும்படி விரிக்க வேண்டும். கணக்கில் அடங்காத ஓர் அளவீடு வந்தால் கருவியைக் குறை சொல்லிவிட்டு நகராத ஆராய்ச்சியாளரின் பிடிவாதம் இது. உரை நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான்.

அவர் காணும் விடை இடத்தைப் பற்றியது. பரமபதத்தில் காலம் இல்லை. அங்கே அவனை யாரும் வாழ்த்தத் தேவையில்லை. ஆனால் அவன் இப்போது வந்து நிற்பது மதுரை வானத்தில். காலம் ஆட்சி செய்கிற, எதுவும் கெட்டுப்போகிற, கண்ணேறு படுகிற பூமி இது. இத்தனை அழகை இப்படிப்பட்ட இடத்தில் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறானே, என்ன ஆகுமோ என்ற பயம் ஆழ்வாருக்கு வந்துவிட்டது. எல்லாம் வல்லவன் என்பது அவருக்கு மறக்கவில்லை. தெரிந்திருந்தும் பயந்தார்.

அடுத்த அடி இன்னும் நுட்பம். ஆழ்வாரின் பயத்தைப் போக்கப் பெருமாள் தன் தோள்வலியைக் காட்டுகிறார்: மல்லர்களை அடித்து வீழ்த்திய தோள் இது, எனக்கு என்ன வந்துவிடும்? பயம் தணிந்ததா என்றால் இல்லை, இரட்டித்தது. பலசாலியான மகன் வம்புச் சண்டைக்கு முதலில் போய் நிற்பான் என்று வீரனைப் பெற்ற தாய்தான் அதிகம் நடுங்குவாள் என்று உரை மரபு இதை விளக்குகிறது. ஆகவே அந்தத் தோளுக்கும் ஒரு வாழ்த்து. மார்பிலிருக்கும் திருமகளைக் காட்டினால் அவளுக்கும் வாழ்த்து. சக்கரத்துக்கும் சங்குக்கும் வாழ்த்து. ஆறுதலாகக் காட்டிய ஒவ்வொன்றும் புதிய கவலையாக மாறிக்கொண்டே போகிறது. அந்தப் பாசுரங்களை இந்த உரையோடு சேர்த்துப் படித்த பிறகு, வெறும் துதியாக மறுபடி படிக்க முடிவதில்லை.

இந்த உரைகள் எழுந்த விதத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இவை பெரும்பாலும் வகுப்பறைப் பேச்சு. திருவரங்கத்தில் ஆசிரியர் ஒருவர் பாசுரம் பாசுரமாகச் சொல்வார், கேட்டவர் எழுதிவைப்பார். ஒவ்வொரு பாசுரத்துக்கும் முன்னால் அவதாரிகை வரும்: முந்தைய பாசுரத்தில் ஆழ்வாரின் மனநிலை என்ன, அதிலிருந்து இது எப்படிப் பிறந்தது என்று. பிறகு சொல்லுக்குச் சொல் பொருள், வேதத்திலிருந்தும் ராமாயணத்திலிருந்தும் சான்று, நடுவே யாரோ கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும். ஒரே அடிக்கு முந்தைய ஆசாரியர்களான ஆளவந்தார் சொன்னது இது, எம்பெருமானார் எனப்படும் ராமானுசர் சொன்னது இது, பட்டர் சொன்னது இது என்று மூன்று பொருளும் பெயரோடு பதிவாகியிருக்கும். எதையும் அழிப்பதில்லை. நடை தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளம். புதிதாகப் படிப்பவர்களுக்கு முதல் இரண்டு பக்கம் பல்லை உடைக்கும். பழகிவிட்டால் ஆட்கள் பேசிக்கொள்வது காதில் விழும்.

ராமானுசர் எழுதிய ஒன்பது நூல்களும் சமஸ்கிருதம். தமிழ்ப் பாசுரங்களுக்கு அவர் தாமே உரை எழுதவில்லை. சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுதச் செய்தார். அது ஆறாயிரப்படி. தொடர்ந்து ஒன்பதினாயிரம், இருபத்துநாலாயிரம், முப்பத்தாறாயிரம் என்று உரைகள் வந்தன. படி என்பது எழுத்துக்கணக்கு: ஒற்றுகளை விட்டுவிட்டு எண்ணினால் 32 எழுத்து ஒரு படி. விஷ்ணு புராணத்தின் அளவு ஆறாயிரம், ராமாயணத்தின் அளவு இருபத்துநாலாயிரம் என்று ஒவ்வொரு உரைக்கும் ஒரு வடமொழிப் பெருநூலை ஈடாகக் காட்டுவார்கள். முப்பத்தாறாயிரத்தை 32ஆல் பெருக்கினால் 11,52,000 எழுத்து. அத்தனையையும் ஓலையில் ஆணியால் கீற வேண்டும். அப்படிப் பெயரிலேயே அளவை வைத்துவிட்டதால், படியெடுத்த சுவடியில் எவ்வளவு விட்டுப்போயிற்று என்று பார்க்க ஒரு வழியும் கிடைத்தது.

ஓலை கரையானுக்கும் ஆற்றுக்கும் இரையாகிற பொருள். ஒன்பதினாயிரத்தின் ஒரே பிரதியை நகலெடுக்க வாங்கிக்கொண்டு போனவர் காவிரியை நீந்திக் கடக்கையில் வெள்ளத்தில் பறிகொடுத்தார். நினைவிலிருந்தே முழுவதையும் எழுதிக் கொண்டுவந்தார். அவர்தான் பிற்காலத்து ஆசாரியர் நம்பிள்ளை. பெரியாழ்வார் திருமொழிக்கான பெரியவாச்சான் பிள்ளை உரையில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. பின்னால் வந்த மணவாள மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் எழுதி, பழைய உரை எஞ்சியிருந்த இடத்தைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார். முழுதாகவே புதிதாய் எழுதிவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்பிள்ளை பகலில் சொன்னதை இரவில் ரகசியமாக எழுதிவைத்தவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. முப்பத்தாறாயிரப்படி என்ற ஈடு அது. அவருடைய மகன் பிள்ளை லோகாசாரியார். நம் கதையின் நடுநாயகம் இவர்தான்.

லோகாசாரியார் பதினெட்டு ரகசிய நூல்கள் எழுதினார். சமஸ்கிருதப் படிப்பு இல்லாதவரும் பெண்களும் பொருள் தெரிந்துகொள்ளட்டும் என்று சிறு சிறு வாக்கியங்களாக எழுதினார். அவற்றில் உச்சமான ஸ்ரீவசனபூஷணத்தில் பெரியாழ்வாரின் பல்லாண்டுச் சிக்கலை எடுத்துக்கொள்கிறார். பெரியவாச்சான் பிள்ளை ஒரு பாசுரத்துக்குச் சொன்னதை இவர் பொது விதியாக்குகிறார். அதன் சாரம் இது: அறிவு மேலோங்கி நிற்கும் வரை, அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர்கள் என்ற கணக்கு அதனதன் இடத்தில் கிடக்கும், அன்பு முற்றிவிட்டால் தராசுத் தட்டுகள் இடம் மாறிவிடும். காப்பவனுக்குக் காவல் இருக்கத் துடிக்கும் உயிர். அது மயக்கம்தான். ஆனால் அறியாமையால் வந்த மயக்கம் அல்ல, அறிவு பழுத்து வந்த மயக்கம்.

விதி சொன்னால் சாட்சி வேண்டுமே. தசரதர், நந்தகோபர், விதுரர் என்று அடுக்குகிறார். கண்ணன் உட்காரும் முன் ஆசனத்தைத் தடவிப் பார்த்தவர் விதுரர். திருவரங்கத்தில் வாழ்ந்த மல்லர் பிள்ளை உறங்காவில்லி தாசரும் பட்டியலில் உண்டு: பெருமாள் புறப்பாட்டில் உருவிய கத்தியோடு கூடவே நடந்தவர், பெருமாளுக்கு ஒரு குலுக்கல் வந்தால் தன் உயிரை விடுவது என்ற தீர்மானத்தோடு. புராணத்து ராஜாக்களோடு தன் ஊர்க் காவற்காரரை ஒரே வரிசையில் வைத்தது லோகாசாரியாரின் துணிச்சல்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்த சாட்சி கங்கைக் கரையில் இருக்கிறது. காட்டுக்கு வந்த ராமன் இரவில் தரையில் படுத்துத் தூங்குகிறான். லட்சுமணன் வில்லோடு விழித்திருக்கிறான். வேடர் தலைவன் குகன் அதைப் பார்க்கிறான். தம்பியால்தான் இவனுக்கு நாடு போனது; இன்னொரு தம்பி வில்லோடு பக்கத்தில் நிற்கிறானே, இவனை நம்பலாமா? குகன் தானும் வில்லை எடுத்துக்கொண்டு லட்சுமணனைக் கண்காணிக்கிறான். குகனின் ஆட்கள் பார்க்கிறார்கள். அந்த ஆளும் ஆயுதத்தோடு நிற்கிறார், நம் தலைவரும் ஆயுதத்தோடு நிற்கிறார்; யாரை நம்புவது? அவர்கள் இருவரையும் சந்தேகித்து ராமனுக்குக் காவல் நிற்கிறார்கள். நடுவில் மூவுலகையும் காப்பதாகச் சொல்லப்படுகிறவன் அயர்ந்து தூங்குகிறான். ஒரே ஒரு வாக்கியத்தில் லோகாசாரியார் இந்த மூன்று வளையங்களையும் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். யாரும் யாரையும் நம்பாத அந்த இரவில் எல்லோரும் சரியாகத்தான் இருக்கிறார்கள்.

இந்தத் தட்டுமாற்றம் தமிழ்நாட்டோடு நின்ற எண்ணம் இல்லை. வங்காள வைணவத்தில் ரூப கோஸ்வாமி 1541இல் முடித்த பக்திரசாமிருதசிந்து, கடவுளைக் குழந்தையாகப் பாவிக்கும் வாத்சல்யத்தைத் தனி ரசமாகவே வகுக்கிறது. யசோதை கண்ணனை உரலில் கட்டியது அங்கே கோட்பாடு. தொடர்பு இருந்ததா, தனித்தனியாக முளைத்ததா என்று அறிஞர்கள் பேசட்டும். நமக்கு வேண்டியது வேறு. ரூபரின் ஆசானான சைதன்யர் 1510ஐ ஒட்டித் தென்னாட்டுப் பயணம் வந்தபோது மதுரைக்கும் வந்தார். கிருஷ்ணதாச கவிராஜர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்க மொழியில் எழுதி முடித்த சைதன்ய சரிதாமிருதத்தில் அந்த வருகை இருக்கிறது. மதுரைக்காரர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத கதை.

தென்மதுரையில் ராம பக்தரான ஓர் அந்தணர் சைதன்யரை உணவுக்கு அழைக்கிறார். சைதன்யர் கிருதமாலாவில் நீராடிவிட்டுப் போகிறார். இன்று கிருதுமால் என்று சொல்லிக்கொண்டு மூக்கைப் பொத்திக் கடக்கிறோமே, அந்தப் பெயர்தான். வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. நடுப்பகல் ஆகிவிட்டதே என்று கேட்டால், ‘நாம் இருப்பது காடு, லட்சுமணன் காய்கனி கொண்டுவந்தால்தானே சீதை சமைப்பாள்’ என்கிறார் வீட்டுக்காரர். ஒருவழியாகச் சமையல் ஆகி விருந்தினர் சாப்பிட்டார், அழைத்தவர் சாப்பிடவில்லை. உயிரை விட்டுவிடப் போகிறேன் என்றார். காரணம்: உலகத்துக்கே தாயான சீதையை ராவணன் தொட்டுவிட்டான். அதைக் கேட்ட பிறகும் இந்த உடம்பு உயிரோடு இருக்கலாமா?

பல்லாண்டு பாடியவருக்கு வந்த அதே பயம், வேறு வடிவில். சைதன்யர் அவரிடம் வாதம் சொன்னார்: சீதையின் திருமேனி ஐம்பூதத்தால் ஆனது அல்ல, அரக்கனின் கண்ணால் பார்க்கவே முடியாது, தொடுவது எங்கே? அவன் கொண்டுபோனது மாயச் சீதையை. அந்தணர் நம்பிச் சாப்பிட்டார். சைதன்யர் ராமேசுவரம் போனார். அங்கே கூர்ம புராணம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சீதையை அக்கினி தன்னிடம் மறைத்துக்கொண்டு மாயச் சீதையை ராவணன் முன் வைத்த பகுதி காதில் விழுந்தது. தாம் வாதமாகச் சொன்னதற்கு ஏட்டில் சான்று! அவர் செய்ததைக் கவனியுங்கள். அந்த ஓலையைப் பெயர்த்தெழுதச் செய்து புதிய ஓலையைச் சுவடியில் வைத்துவிட்டு, பழைய ஓலையையே கேட்டு வாங்கிக்கொண்டு மதுரைக்குத் திரும்பி வந்தார். புதுப் படி எடுத்துக்கொண்டு போனால், என்னைத் தேற்ற நீங்களே எழுதியது என்று அவர் நினைத்துவிடலாம். பழுத்த ஓலையைக் கையில் கொடுத்தால் மறுபேச்சு இல்லை. மூலச் சுவடியின் மதிப்பு என்ன என்று இன்றைய சுவடியியல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கதை கிடையாது. புராண வாக்கியத்தின் பொருள் ஒரு மனிதரின் துயரைத் தீர்க்கும் மருந்தாக இங்கே கைமாறுகிறது.

லோகாசாரியாரிடம் திரும்புவோம். நூலில் விதி எழுதியவருக்கு அதை வாழ்ந்து பார்க்கும் கட்டாயம் வந்தது. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியது. மூலவரைச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். வேதாந்த தேசிகர் ராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு விரிவுரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியையும் அதன் ஆசிரியரின் இரு சிறு மகன்களையும் காப்பாற்ற, பிணங்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தார் என்பது மரபு. உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பியவர் லோகாசாரியார், அப்போது தள்ளாத கிழவர். காட்டு வழியில் திருடர்கள் பெருமாளின் நகைகளைப் பறித்தார்கள். தம்மிடம் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு விக்கிரகத்தோடு நடந்தார் என்கிறார்கள். காப்பவனைக் காப்பது என்ற வாக்கியத்தை எழுதிய கையே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது.

மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையைத் தொட்டதும் யானைமலை படுத்துக் கிடக்கும். அதன் ஒரு பக்கம் நரசிங்கம். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி 770இல் குடைவித்த குகைக்கோயில். ஊர் வண்டிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். மலையை ஒட்டிய கொடிக்குளத்துக்கு வழி கேட்டுத்தான் போகவேண்டும். வைணவ ஏடுகளில் அது ஜோதிஷ்குடி. வேதநாராயணப் பெருமாள் கோயில் கொண்ட சின்ன ஊர். நம்பெருமாள் இங்கே ஒளித்து வைக்கப்பட்டார். லோகாசாரியார் இங்கேயே உடம்பை விட்டார். கடைசி நாளில் கைக்கு எட்டிய எறும்பையும் செடியையும் தொட்டுக்கொண்டிருந்தாராம். ஏன் என்று கேட்ட சீடர்களிடம், நம் தொடர்பு இவற்றுக்கும் இருக்கட்டும், இவையும் கரையேறட்டும் என்றாராம். பெருமாள் அழகர்கோயில் வழியாக மலையாளம், மைசூர்ப் பக்கம், திருமலை, செஞ்சி என்று அலைந்து 1371இல்தான் திருவரங்கம் திரும்பினார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு.

பிறப்புப் பெருமையை லோகாசாரியார் மதித்தவரில்லை. அடியாரின் சாதியை ஆராய்வதைப் பெற்ற தாயின் கற்பை ஆராய்வதோடு ஒப்பிட்ட கடுமையான மரபின் குரல் அவர். தாழ்ந்த குலத்தில் பிறந்த விளாஞ்சோலைப் பிள்ளை அவருடைய நேர்ச் சீடர். ஸ்ரீவசனபூஷணத்தின் சாரத்தைச் சொல்லும் சப்தகாதை அவர் எழுதியது. திருவனந்தபுரத்தில் மரத்தின்மேல் ஏறி அமர்ந்துதான் அவரால் கோபுரத்தைப் பார்க்க முடிந்தது என்பதும் அதே மரபு சொல்லும் செய்தி. நூல் போன தூரம் கோயில் வாசல் போகவில்லை.

சாகும் முன் லோகாசாரியார் விட்டுப்போன ஒரு வேலை: மதுரை அரண்மனையில் அலுவல் பார்க்கும் திருமலையாழ்வாரை மீட்டுக் கொண்டுவாருங்கள். சிறுவயதில் தம்மிடம் சமாசிரயணம் என்ற வைணவ தீட்சை பெற்றவர், இப்போது அரசு காரியத்தில் மூழ்கிக் கிடக்கிறார். அந்த ஆள் பிறந்த ஊர் சிலைமான் தாண்டி இருக்கும் கொந்தகை. ஆமாம், கீழடியை ஒட்டி முதுமக்கள் தாழிகள் எடுத்தார்களே, அதே கொந்தகைதான். ஏடுகளில் குந்தீபுரம்.

அவரை மீட்கப் போன சீடர் கூரகுலோத்தம தாசர். அரண்மனைக்காரரை எப்படி அணுகுவது? அவர் போகும் வழியில் நின்று நம்மாழ்வாரின் திருவிருத்தத்தை உரக்கச் சொன்னார். திருமலையாழ்வார் நின்று, இதற்குப் பொருள் என்ன என்று கேட்டார். தாசர் பதில் சொல்லாமல் காறித் துப்பினார். சேவகர்கள் பாய, திருமலையாழ்வார் தடுத்தார். வீட்டுப் பெரியவள் ஒருத்தி, லோகாசாரியாரின் உறவை விட்டதற்கு உனக்கு இது வேண்டும் என்றாளாம். தாமே தேடிப்போய்த் தாசரிடம் பணிந்தார். காலையில் நெற்றிக்குத் திருமண் இடும் சிறு பொழுதில் பாடம் என்று ஏற்பாடு. பிறகு பதவியையே உதறினார்.

அடுத்த வேலை ஈட்டைத் தேடுவது. நம்பிள்ளை அந்த உரையை ஊருக்கெல்லாம் பரப்ப இசையாமல் ஈயுண்ணி மாதவர் என்ற ஒரு சீடரிடம் கொடுத்திருந்தார். அவர் மகனுக்கு, மகன் தன் சீடருக்கு என்று ஒற்றை இழையாக அது வந்துகொண்டிருந்தது. திருமலையாழ்வார் நாலூர் ஆச்சான் பிள்ளையிடம் அதைக் கேட்டுக் கற்றார். படையெடுப்பில் காடு மண்டிப்போயிருந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி, வெளியேறியிருந்த நம்மாழ்வார் திருமேனியை மறுபடி எழுந்தருளச் செய்தார். திருவாய்மொழியே மூச்சாக இருந்ததால் திருவாய்மொழிப் பிள்ளை என்று பெயரே மாறிவிட்டது. அவருக்கு ஆழ்வார்திருநகரியில் வாய்த்த சீடர், 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள். அந்த இழை எங்காவது அறுந்திருந்தால் 11,52,000 எழுத்தும் போயிருக்கும்.

மாமுனிகள் அதைத் திருவரங்கத்தில் பகிரங்கமாக்கினார். நம்பெருமாளே கேட்க ஆசைப்பட்டதாக மரபு. ஓராண்டு முழுவதும் மற்ற உற்சவங்களை நிறுத்திவிட்டுப் பெருமாள் முன்னிலையில் ஈடு சொல்லி, ஆனி மூலத்தன்று முடித்தார். 1430களின் தொடக்கம் என்று கணக்கிடுகிறார்கள். முடிந்த நேரத்தில் ஒரு சிறுவன் முன்னால் வந்து ஆசிரியரைப் போற்றி ஒரு சுலோகம் சொன்னான். அர்ச்சகர் பிள்ளை வடிவில் வந்தது நம்பெருமாள்தான் என்று கோஷ்டி முடிவு செய்தது. தென்கலைக் கோயில்களில் பிரபந்தம் சொல்லத் தொடங்கும்போது இன்றும் முதலில் சொல்லும் தனியன் அது. அதில் முதலில் வருவது திருவாய்மொழிப் பிள்ளையின் வடமொழிப் பெயர். கொந்தகைக்காரரை நினைத்துவிட்டுத்தான் எதையும் தொடங்குகிறார்கள்.

ஆசிரியருக்குத் தனியன் சொன்னவன் சீடன்; அப்படியானால் நம்பெருமாள் மாமுனிகளுக்குச் சீடர். இதையும் ஓர் அழகான பேச்சாக விட்டுவிடாமல் திருவரங்கத்தார் கோயில் ஒழுங்கிலேயே சேர்த்துவிட்டார்கள். சீடன் இருந்தால் ஆசாரியனுக்குத் திதி கொடுக்க வேண்டுமே. மாசி மாதத் தேய்பிறைத் துவாதசியில், மாமுனிகள் பரமபதித்த நாளில், கோயிலிலிருந்து குடையும் பாத்திரங்களும் பரிசனங்களும் மாமுனிகள் சன்னிதிக்குப் போகின்றன. சீடன் என்ற முறையில், தீர்த்தம் எனப்படும் அந்தத் திதியைப் பெருமாள் நடத்திவைக்கிறார், ஆண்டு தவறாமல், அவர் செலவில்.